ராத்திரி முழுக்க அலாரம்: ஜாபிக்ஸில் 90% வரம்பை 98 ஆக்கினால் சரியாகிவிடுமா?

பஞ்சுமில்_நெட்வொர்க் (கோவை) கேட்டது:

வணக்கம் நண்பர்களே. கோவையில் தலைமை அலுவலகம், பல்லடத்திலும் உடுமலைப்பேட்டையிலும் நூற்பாலை, தூத்துக்குடியில் குடோன். லீஸ்டு லைன் (வாடகைத் தனி லைன்) மேல் ஐபிசெக் டனல் (மறைகுறியாக்கிய பாதை) போட்டு எல்லாவற்றையும் இணைத்திருக்கிறோம். கண்காணிப்புக்குக் கோவையில் ஜாபிக்ஸ் 7.0 என்ற மென்பொருள் ஓடுகிறது. சுவிட்சுகளுக்கு ஜாபிக்ஸோடு வரும் டெம்ப்ளேட்தான் (எதை அளப்பது, எப்போது அலாரம் அடிப்பது என்ற விதித்தொகுப்பு). ரூட்டர்களுக்கு மட்டும் எனக்கு முன்னால் இந்த வேலையில் இருந்தவர் கையால் எழுதிய டெம்ப்ளேட். அதில் விதி ஒரே வரி: லைன் பயன்பாட்டில் கடைசியாக வந்த அளவு 90 சதவீதத்தைத் தாண்டினால் அடி, இறங்கினால் நிறுத்து.

சாயங்காலம் ஆறு மணிக்கு ஆட்கள் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுக் கிளம்பும்போது ஒவ்வொரு போர்ட்டுக்கும் 'லிங்க் டவுன்' வருகிறது. சில போர்ட்டுக்கு 'வேகம் குறைந்துவிட்டது' என்று வேறு. ராத்திரி பதினொன்றுக்கு யூனிட்டுகளிலிருந்து கோவைக்கு சர்வர் பேக்கப் தொடங்கும். லைன் நிரம்பும். அளவு 91, 88, 92, 89 என்று ஆட ஆட அலாரமும் வந்து வந்து போகும். பல்லடத்தில் கரண்ட் போய் யூபிஎஸ்ஸும் இறங்கிவிட்டால் கேமரா, சுவிட்ச், வருகைப்பதிவு மெஷின் என்று அங்கே இருக்கிற அத்தனையும் தனித்தனியாக ஒப்பாரி வைக்கும்.

எல்லாம் டெலிகிராம் குழுவுக்குப் போகிறது. ஜி.எம். குழுவை ம்யூட் செய்துவிட்டார். எலக்ட்ரிகல் சூப்பர்வைசர் "உங்க மெஷினுக்குத் தூக்கமே வராதா தம்பி" என்று கேட்டுவிட்டு வெளியேறியே போனார். சமீபத்தில் விடியற்காலையில் ஈஆர்பி (கணக்கு, சரக்கு மென்பொருள்) சர்வர் பக்கத்து சுவிட்ச் நிஜமாகவே செத்தது. அந்தச் செய்தியும் குழுவில்தான் இருந்தது, யாரும் பார்க்கவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், உடுமலைக்காரர்கள் மதியம் முழுக்க "நெட் நகரவே மாட்டேங்குது" என்று போன் அடிக்கிறார்கள். அந்த லைனுக்கு மட்டும் 'ஃபுல்' என்று ஒரு அலாரம்கூட வந்ததில்லை. அது 100 எம்பி (நொடிக்கு மெகாபிட்) லைன், ரூட்டரில் 1 ஜிபி (1000 எம்பி) போர்ட்டில் செருகியிருக்கிறது.

90-ஐ 98 ஆக்கலாமா? ராத்திரி அலாரத்தையே அணைத்துவிடலாமா? ஜி.எம். "எதையாவது செய்யுங்க" என்கிறார். எதைச் செய்வது என்பதுதான் தெரியவில்லை.

---

வயர்மேன்2 (மதுரை):

ஈஸி. மெயின்டனன்ஸ் விண்டோ (அலாரத்தை அடக்கிவைக்கும் நேரம்) போடுங்கள், தினமும் ராத்திரி 11 முதல் 3 வரை. 'டேட்டா சேகரிப்போடு' என்ற வகையைத் தேர்ந்தெடுத்தால் கிராஃப் ஓடிக்கொண்டே இருக்கும், செய்தி மட்டும் வராது. ஆக்‌ஷனில் (செய்தி அனுப்பும் விதியில்) 'அடக்கப்பட்ட பிரச்சினைகளுக்கு நிறுத்திவை' டிக் இருக்கிறதா என்று பாருங்கள். அஞ்சு நிமிஷ வேலை.

---

பழைய_மோடம் (சென்னை):

தம்பி, 90-ஐத் தொடாதீர்கள். வயர்மேன் சொன்ன மெயின்டனன்ஸும் இப்போதைக்கு வேண்டாம். நாலு மணிநேரம் ரூட்டரையே வாய் பொத்திவைத்தால், அந்த நாலு மணிநேரத்தில் லைன் அறுந்தாலும் தெரியாது.

வரம்பைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், அந்தச் சதவீதம் உண்மையா என்று பாருங்கள். உடுமலை விஷயம் அதைத்தான் காட்டுகிறது. ஜாபிக்ஸ் சதவீதத்தைக் கணக்கிடுவது ரூட்டர் சொல்லும் போர்ட் வேகத்தை வைத்து. போர்ட் 1 ஜிபி. லைன் முழுக்க நிரம்பி 100 எம்பி போனாலும் அதன் கணக்கில் 10 சதவீதம்தான். பத்து சதவீதத்துக்கு எவன் அலாரம் அடிப்பான்?

கையால் எழுதிய டெம்ப்ளேட்டைத் தூக்கிவிட்டு, ஜாபிக்ஸோடு வரும் இன்டர்ஃபேஸ் (போர்ட்) டெம்ப்ளேட்டையே ரூட்டருக்கும் போடுங்கள். அதில் 'இஃப் யூட்டில் மேக்ஸ்' என்று ஒரு மேக்ரோ இருக்கும், பயன்பாட்டு வரம்பை நாமே வைக்கும் இடம். அதை இன்டர்ஃபேஸ் பெயரோடு சேர்த்து, அந்த ஒரு போர்ட்டுக்கு மட்டும் 9 என்று வைக்கலாம். 1 ஜிபியில் 9 சதவீதம் என்றால் 90 எம்பி, உங்கள் லைனுக்கு அதுதான் 90 சதவீதம். ஆனால் இதில் ஒரு கொக்கி. அந்த டெம்ப்ளேட்டில் அலாரம் அணைவது வரம்பிலிருந்து 3 புள்ளி கீழே இறங்கினால்தான். 90 வைத்தால் 87-இல் அணையும், நல்லது. 9 வைத்தால் 6-இல், அதாவது 60 எம்பிக்குக் கீழே போனால்தான் அணையும். மதியம் எரிந்த அலாரம் சாயங்காலம் வரை எரிந்துகொண்டே இருக்கும். எனக்கு அது பரவாயில்லை என்றுதான் படும். உங்களுக்கு வேண்டாமென்றால் ரூட்டரிலேயே அந்த இன்டர்ஃபேஸின் பேண்ட்விட்த் அளவை 100 எம்பி என்று எழுதலாம். சிஸ்கோ மாதிரி ரூட்டர்கள் அந்த எண்ணைத்தான் எஸ்என்எம்பியில் (கருவிகளிடம் அளவு கேட்கும் நெறிமுறை) வேகம் என்று சொல்லும். அங்கே ஓஎஸ்பிஎஃப் (பாதையைத் தானாகத் தேர்ந்தெடுக்கும் முறை) ஓடினால் மட்டும் ஜாக்கிரதை, அந்த எண் மாறினால் காஸ்ட் மாறும், டிராஃபிக் வேறு பாதையில் போய்விடும்.

அடுத்து கவுன்டர், அதாவது போர்ட்டில் போன பைட்டை எண்ணிக்கொண்டே போகும் எண். பழைய கையெழுத்து டெம்ப்ளேட் என்கிறீர்கள், அதனால் கேட்கிறேன், 32 பிட் கவுன்டரையா படிக்கிறது? அது 429 கோடி பைட் சொச்சத்தில் நிரம்பி மறுபடி பூஜ்யத்துக்கு வந்துவிடும். 100 எம்பி முழு ஓட்டத்தில் அதற்கு ஐந்தே முக்கால் நிமிஷம் ஆகும். 1 ஜிபியில் வெறும் 34 நொடி. நீங்கள் மூன்று நிமிஷத்துக்கு ஒருமுறை படித்தால் நடுவில் அது எத்தனை சுற்று சுற்றியது என்று யாருக்குத் தெரியும்? படிக்க வேண்டிய எஸ்என்எம்பி முகவரிகள்: 1.3.6.1.2.1.31.1.1.1.6 உள்ளே வருவது, அதே வரிசையில் கடைசி எண் 10 வெளியே போவது. இவை 64 பிட். எஸ்என்எம்பி முதல் பதிப்பில் இவை கிடைக்காது, 2சி அல்லது 3 வேண்டும். எம்ஆர்டிஜி என்ற பழைய கிராஃப் கருவியின் காலத்தில் ரூட்டர் ரீபூட் ஆன ஒவ்வொரு தடவையும் கிராஃபில் வானத்துக்கு ஒரு கோடு போகும், நாங்கள் அதை அழித்துக்கொண்டே இருப்போம். ஜாபிக்ஸ் கொஞ்சம் சமர்த்து. புதிய எண் பழையதைவிடச் சின்னதாக இருந்தால் அந்த ஒரு அளவை எறிந்துவிட்டு அடுத்ததற்குக் காத்திருக்கும். அதனால் பொய்யான உச்சம் வராது. ஆனால் ஒரு இடைவெளியில் இரண்டு மூன்று சுற்று சுற்றியிருந்தால் நிஜத்தைவிடக் குறைவாகக் காட்டும், அதுவும் சத்தமில்லாமல்.

சாயங்கால 'லிங்க் டவுன்' எல்லாவற்றிலும் சுலபம். ஆட்கள் உட்காரும் போர்ட் விழுவது சம்பவமே இல்லை. லிங்க் அலாரம் வேண்டுமா என்று சொல்லும் 'இஃப்கன்ட்ரோல்' மேக்ரோவை சுவிட்ச் அளவில் 0 ஆக்குங்கள், பிறகு அப்லிங்க், சர்வர், ஆக்சஸ் பாயின்ட் போர்ட்டுகளுக்கு மட்டும் பெயரோடு 1 வையுங்கள். ஊருக்கெல்லாம் 0, வேண்டியவருக்கு மட்டும் 1. வேகம் குறைந்ததாக வருவது என்ன தெரியுமா? கம்ப்யூட்டர் அணைந்த பிறகும் நெட்வொர்க் கார்டு தூக்கத்தில் 10 எம்பிக்கு இறங்கி விழித்துக்கொண்டிருக்கும், வெளியிலிருந்து எழுப்ப வசதியாக. என்னிடம் இருக்கும் டெம்ப்ளேட்டில் அந்த ட்ரிக்கர் (அலாரம் அடிக்கும் விதி) 'இஃப்கன்ட்ரோல்' பேச்சைக் கேட்காது. டிஸ்கவரி விதியில் (போர்ட்டுகளைத் தானாகக் கண்டுபிடிப்பது) ஓவர்ரைடு (விதிவிலக்கு) போட்டு, ஆக்சஸ் போர்ட்டுகளுக்கு அந்த ட்ரிக்கரை மட்டும் அணையுங்கள். கிராஃப் இருக்கட்டும்.

இனி 91, 88, 92, 89 ஆட்டம். கடைசி அளவை மட்டும் பார்க்கும் விதி அப்படித்தான் ஆடும். டெம்ப்ளேட்டில் உள்ள விதி 15 நிமிஷச் சராசரியைப் பார்க்கிறது, ஏறும் கோடு வேறு, இறங்கும் கோடு வேறு. ஆட்டம் பாதிக்கு மேல் அதிலேயே நின்றுவிடும்.

மீதி பேக்கப். என் கருத்து: லைன் நிரம்புவது குற்றமல்ல. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு லைன் 100 சதவீதம் ஓடுகிறது என்றால் கட்டிய காசுக்கு வேலை நடக்கிறது என்று அர்த்தம். பகலிலும் யாருக்காவது வலித்தால்தான் அது பிரச்சினை. வலிக்கிறதா என்பதைப் பிங் (பதில் வருகிறதா என்று தட்டிப் பார்ப்பது) சொல்லும். சராசரி பதில் நேரம் 150 மில்லி செகண்டைத் தாண்டியது, 'மற்றும்' பயன்பாடு 90 சதவீதத்துக்கு மேல், இரண்டும் சேர்ந்தால் அடிக்கட்டும். வெளியே போகும் பக்கத்தில் டிஸ்கார்ட் (தூக்கி எறியப்பட்ட பாக்கெட்) ஏறுகிறதா என்பதையும் சேர்க்கலாம்.

ராத்திரிக்கு விதியைத் தலைகீழாகப் போடுங்கள். பேக்கப் நேரத்தில் லைன் காலியாக இருந்தால் அலாரம், ஏனென்றால் பேக்கப் ஓடவில்லை. காலை ஆறரைக்கு மேலும் லைன் நிரம்பியிருந்தால் அலாரம், ஏனென்றால் பேக்கப் முடியவில்லை, ஷிஃப்ட் ஆட்கள் வரப்போகிறார்கள். இந்த இரண்டுக்கும் நீங்கள் எழுந்து போய்ச் செய்ய ஒரு வேலை இருக்கிறது. மற்றதற்கு இல்லை.

---

நைட்ஷிஃப்ட்_அக்கா (சென்னை):

மோடம் சார் எல்லாம் சொல்லிவிட்டார், பல்லடத்தை மட்டும் விட்டுவிட்டார். அதை நான் எடுத்துக்கொள்கிறேன்.

பல்லடத்தில் லைன் போனால் அங்கே உள்ள எதையும் கோவையிலிருந்து பார்க்க முடியாது. ஆகவே அவை 'செத்துவிட்டன' என்பது செய்தியே அல்ல, 'தெரியவில்லை' என்பதுதான் உண்மை. ஜாபிக்ஸில் ட்ரிக்கர் டிபெண்டென்சி இருக்கிறது, அதாவது சார்பு: மேலே உள்ளது விழுந்தால் கீழே உள்ளது அடிக்காது. கேமராவின் பிங் ட்ரிக்கர், சுவிட்சின் பிங் ட்ரிக்கரைச் சார்ந்திருக்கட்டும். சுவிட்ச் பல்லடம் ரூட்டரைச் சார்ந்திருக்கட்டும். டெம்ப்ளேட் ஒரே கருவிக்குள் இருக்கும் சார்புகளைத்தான் தானாகப் போடும், கருவிக்குக் கருவி நீங்கள்தான் கையால் போட வேண்டும். சலிப்பான வேலை, ஒரே மூச்சில் உட்கார்ந்து முடியுங்கள்.

யூபிஎஸ்ஸில் நெட்வொர்க் கார்டு இருக்கிறதா? இருந்தால் அதுதான் உங்களுக்கு முதல் அலாரம். யூபிஎஸ்ஸுக்கென்று பொதுவான எம்ஐபி (எஸ்என்எம்பி அளவுகளின் பட்டியல்) 1.3.6.1.2.1.33 கீழே இருக்கிறது. அதில் 1.4.1 என்பது மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று சொல்லும்: 3 என்றால் வழக்கம் போல, 5 என்றால் பேட்டரி. அது 5 ஆகி ஐந்து நிமிஷம் ஆனால் 'பல்லடத்தில் கரண்ட் இல்லை, யூபிஎஸ்ஸில் ஓடுகிறது' என்று ஒரே ஒரு செய்தி. ஜெனரேட்டர் ஆள் அதைப் பார்த்தால் போதும், மீதி முப்பது செய்திக்கு வேலையே இருக்காது. சில கம்பெனி யூபிஎஸ் இந்தப் பொது எம்ஐபியைப் பேசாமல் தன்னுடையதை மட்டும் பேசும். கார்டின் கையேட்டில் பாருங்கள்.

அப்புறம் எல்லாரையும் ஒரே குழுவில் போட்டு எல்லாவற்றையும் கொட்டுவதை நிறுத்துங்கள். ஜாபிக்ஸில் ஒவ்வொருவரின் மீடியாவிலும் (செய்தி போகும் வழி) எந்தத் தீவிரத்துக்கு மேல், எந்த நேரத்தில் என்று தனித்தனியாக வைக்கலாம். ஜி.எம்.முக்கு 'டிசாஸ்டர்' மட்டும். சூப்பர்வைசருக்குத் தீவிரத்தை வைத்துப் பிரிக்க முடியாது, அவருக்குத் தனி ஆக்‌ஷன் எழுதி யூபிஎஸ் டேக் உள்ளதை மட்டும் அனுப்புங்கள். 'வார்னிங்' எல்லாம் டாஷ்போர்டில் கிடக்கட்டும், காலையில் டீ குடிக்கும்போது பார்க்கலாம். ஈஆர்பி சுவிட்ச் மாதிரியானவை செய்தியாகக்கூட வரக்கூடாது, போன் மணியாக வர வேண்டும்.

எங்கள் டேட்டா சென்டரில் பிராமிதியஸ் என்ற வேறொரு கண்காணிப்புக் கருவி. அதில் இதே வேலையை 'ஃபார்' என்ற வரி செய்கிறது, நிபந்தனை அத்தனை நிமிஷம் தொடர்ந்து உண்மையாக இருந்தால்தான் அடிக்கும். அதன் செய்தி அனுப்பும் பகுதியான அலர்ட்மேனேஜரில் 'இன்ஹிபிட்' விதி சார்பைப் பார்த்துக்கொள்ளும். கருவி வேறானாலும் சங்கதி ஒன்றே. இதற்காக ஜாபிக்ஸை விட்டுவிட்டு ஓடி வராதீர்கள்.

---

பஞ்சுமில்_நெட்வொர்க் (கோவை):

மோடம் அண்ணா, அக்கா, இரண்டு பேருக்கும் பெரிய நன்றி. கவுன்டர் 32 பிட்தான். கோவை ரூட்டர் டெம்ப்ளேட்டை மாற்றியதும் கிராஃபே வேறு மாதிரி இருக்கிறது. உடுமலைக்கு 9 வைத்தேன், மதியமே அலாரம் வந்தது. ஒரு அலாரம் வந்ததற்குச் சந்தோஷப்படுவேன் என்று நினைத்ததில்லை. பார்த்தால் அங்கே ஒரு கேமரா ரெக்கார்டர் முழுப் படத்தையும் கோவைக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது.

இரண்டு சந்தேகம். சார்பு போட்ட பிறகும் பல்லடத்தில் லைன் போனால் முதலில் நாலைந்து கேமரா அலாரம் வந்துவிடுகிறது, அப்புறம்தான் ரூட்டர் அலாரம், அதன் பிறகு அமைதி. இன்னொன்று, டெம்ப்ளேட் மாற்றியதும் டனல் இன்டர்ஃபேஸ்களுக்குப் பல ஆயிரம் சதவீதம் பயன்பாடு என்று அலாரம். இது என்ன புதுக் கூத்து?

---

பழைய_மோடம் (சென்னை):

டனல் கூத்துக்குக் காரணம் உடுமலைக்குச் சொன்னதேதான், திசை மட்டும் எதிர். டனலுக்குக் கம்பி கிடையாது, அதற்கு வேகம் என்று ஒன்றும் கிடையாது. பல ரூட்டர்கள் 100 கிலோபிட் மாதிரி பெயருக்கு ஒரு எண்ணைச் சொல்லிவைக்கும். அதில் 40 எம்பி போனால் 40,000 சதவீதம். டனலுக்குப் பயன்பாட்டு அலாரமே வேண்டாம், ஓவர்ரைடில் அணைத்துவிடுங்கள். அடியில் இருக்கும் லீஸ்டு லைன் போர்ட்டில் அது ஏற்கெனவே இருக்கிறது. டனல் எழுந்திருக்கிறதா விழுந்திருக்கிறதா என்பது மட்டும் வேண்டும், அதையும் மறுமுனையைப் பிங் செய்து பாருங்கள். ஐபிசெக்கில் இன்டர்ஃபேஸ் 'அப்' என்று சிரித்துக்கொண்டே உள்ளே ஒன்றும் போகாத நாட்கள் உண்டு.

---

நைட்ஷிஃப்ட்_அக்கா (சென்னை):

கேமரா முந்திக்கொள்வது நேர வரிசைப் பிரச்சினை. பிங் ட்ரிக்கர் மூன்று தடவை தொடர்ந்து பதில் இல்லாவிட்டால் அடிக்கும். ரூட்டரையும் கேமராவையும் ஒரே இடைவெளியில் பிங் செய்தால் யார் முறை முன்னால் வருகிறதோ அவர் முந்துவார். பல்லடம் ரூட்டரை 30 நொடிக்கு ஒருமுறை பிங் செய்யுங்கள், மூன்று தடவைக்கு ஒன்றரை நிமிஷம். உள்ளே இருப்பவை ஒரு நிமிஷத்துக்கு ஒருமுறை போதும், மூன்று நிமிஷம்.

அதோடு ஆக்‌ஷனில் செய்தி அனுப்புவதை முதல் படியில் வைக்காமல் இரண்டாம் படியில் வையுங்கள், படி நீளம் இரண்டு நிமிஷம். அந்த நேரம் வரும்போது ஜாபிக்ஸ் சார்பை மறுபடி பார்க்கும், மேலே இருப்பது விழுந்திருந்தால் அனுப்பாது. அதற்குள் தானாகச் சரியானவைக்கும் செய்தி போகாது. மீண்டதைச் சொல்லும் பகுதியில் 'சம்பந்தப்பட்ட எல்லாருக்கும்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் விழுந்த செய்தியே வராத கேமரா 'எழுந்துவிட்டேன்' என்று மட்டும் வந்து நிற்கும். ஈஆர்பி சுவிட்சுக்கு மட்டும் தாமதமில்லாத தனி ஆக்‌ஷன்.

---

கிராஃப்_பைத்தியம் (பெங்களூர்):

இவ்வளவு கஷ்டம் எதற்கு? ஜாபிக்ஸ் 6.0-விலிருந்து பேஸ்லைன் ஃபங்ஷன்கள் இருக்கின்றன. போன வாரங்களில் இதே கிழமை இதே மணிக்கு எவ்வளவு ஓடியது என்று பார்த்து, அதிலிருந்து விலகினால் மட்டும் அடிக்கச் சொல்லலாம். வரம்பே எழுத வேண்டாம்.

---

பழைய_மோடம் (சென்னை):

எழுதலாம். ஆனால் நூற்பாலைக்குப் பொங்கல் வரும், தீபாவளிக்கு முந்தைய வாரம் வரும், மாசக்கடைசிக் கணக்கு வரும், கரண்ட் கட்டில் ஷிஃப்ட் மாறும். அன்றெல்லாம் பேஸ்லைன் அலறும். உடுமலை கேமரா ரெக்கார்டர் மாதிரி தினமும் நடக்கும் அநியாயத்தை அது 'வழக்கம்' என்று கற்றுக்கொண்டு வாயை மூடிக்கொள்ளும். டாஷ்போர்டில் ஒரு ஓரமாகப் போட்டு வையுங்கள், ஆளை எழுப்ப அதை நம்பாதீர்கள்.

பைட் சதவீதத்தை மட்டும் நம்புவதிலும் ஓட்டை உண்டு. 64 பைட் சின்னப் பாக்கெட்டாக வந்தால் 1 ஜிபி லைனில் நொடிக்கு 14 லட்சத்து 88 ஆயிரம் பாக்கெட் வரை நுழைய முடியும். அதில் பத்தில் ஒரு பங்குக்கே சின்ன ஃபயர்வால்கள் மூச்சு முட்டிவிடும், பயன்பாடு 10 சதவீதம்கூடக் காட்டாது. இணையப் பக்கத்துப் போர்ட்டில் நொடிக்கு எத்தனை பாக்கெட் என்பதற்கும் ஃபயர்வால் சிபியுவுக்கும் ஒரு விதி போடுங்கள்.

---

பஞ்சுமில்_நெட்வொர்க் (கோவை):

பேஸ்லைனை டாஷ்போர்டில் மட்டும் வைக்கிறேன். 'பேக்கப் ஓடவில்லை' விதியை எழுதினேன் அண்ணா. நேரம் 230000-க்கு (23:00:00) மேல் 'மற்றும்' 040000-க்குக் கீழ் 'மற்றும்' ஒரு மணி நேர உச்சம் 5 எம்பிக்குக் கீழ். சோதிக்க பேக்கப்பை நிறுத்திவைத்தும் பார்த்தேன், அடிக்கவே இல்லை.

---

பழைய_மோடம் (சென்னை):

பதினொன்றுக்கு மேலாகவும் நாலுக்குக் கீழாகவும் ஒரே சமயத்தில் இருக்கும் மணி எது? நள்ளிரவைத் தாண்டும் ஜன்னலுக்கு நடுவில் 'அல்லது' போட வேண்டும், அந்த இரண்டையும் சேர்த்து ஒரு அடைப்புக்குறி. ஆனால் 'அல்லது' போட்டு பதினொன்றிலிருந்தே தொடங்கினால் தினமும் பொய் அலாரம் வரும். ஒரு மணி நேர உச்சத்தைப் பதினொன்று அடித்த கையோடு கேட்டால் பேக்கப் இன்னும் ஏறியிருக்காது, பத்து மணியிலிருந்து இருந்த காலி லைனை மட்டுமே அது பார்க்கும். ஆகவே 003000-க்கு மேல் 'மற்றும்' 040000-க்குக் கீழ் என்று வையுங்கள். நள்ளிரவைத் தாண்டும் தொல்லையே இல்லை, 'மற்றும்' சரியாகவே வேலை செய்யும். சர்வரின் நேர மண்டலம் யூடிசியில் (இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால்) இருக்கிறதா என்றும் ஒரு தடவை பாருங்கள், இருந்தால் இந்த விதி காலை ஆறு மணிக்கு விழித்துக்கொள்ளும்.